கோட்டு வேணாம்னு சொன்ன நாள்

தேவி: அவ கோட்ட யாருடி கழட்டுனது?

சுகன்யா: எந்த கோட்டு அண்ணி?

தேவி: ஸ்கூல் கோட்டுதான். ஷர்ட்டு மேல போடற, கையில்லாத அந்த நீலக் கோட்டு. காலையில போட்டுகினுதான் போனா.

சுகன்யா: ஜெசி உள்ள ஐசியுல கெடக்கறா. வந்ததுலேருந்து நீ கோட்டையே கேட்டுகினு இருக்க.

தேவி: கேட்டா சொல்லேன். ஸ்கூல்லயே கழட்டுனாங்களா, இங்க வந்தா?

சுகன்யா: இங்கதான். ஆம்புலன்ஸ்லேருந்து எறக்கி நேரா உள்ள கொண்டு போயிட்டாங்க. என்ன வெளிய நிக்க சொல்லிட்டாங்க.

தேவி: அப்ப ஸ்கூல்ல யாரும் கழட்டல.

சுகன்யா: இல்ல.

தேவி: பசங்க யாரும் பாக்கல.

சுகன்யா: இன்னாத்த பாக்கல?

தேவி: ஒண்ணும் இல்ல... வுடு.

சுகன்யா: உக்காரு அண்ணி. பஸ்ஸுல நின்னுகினே வந்திருப்ப.

தேவி: அபிஷேகப்பாக்கத்துலேருந்து இங்க வர்ற வரைக்கும் நின்னேனா உக்காந்தேனான்னே தெரியல. பிள்ளையார்குப்பம் வந்துடுச்சு, எறங்குன்னு கண்டக்டர்தான் சொன்னாரு. தையல் மிஷின்லேருந்து எழுந்து அப்படியே ஓடியாந்தேன். பாரு, டேப்பு கழுத்துலயே தொங்குது.

சுகன்யா: குடு, பையில வெக்கறேன்.

தேவி: இருக்கட்டும். உங்க அண்ணனுக்கு சொல்லிட்டியா?

சுகன்யா: சொல்லிட்டேன். சேதராப்பட்டு கம்பெனி ஆபீசுக்கு போன் பண்ணேன், கெளம்பிட்டாரு. சூப்பர்வைசராண்ட பர்மிஷன் வாங்கறதுக்கே லேட்டாயிடுச்சாம்.

தேவி: அவராண்ட இன்னா சொன்ன?

சுகன்யா: மயங்கி வுழுந்துட்டா, ட்ரிப்ஸ் ஏறுதுன்னு.

தேவி: ஐசியுன்னு சொல்லலியா?

சுகன்யா: வண்டி ஓட்டிகினு வர்ற மனுசனாண்ட எப்படி அண்ணி சொல்றது...

தேவி: என்னாண்டயும் அப்படித்தான் சொன்ன. லேசா மயக்கம், ஜூஸ் குடுத்திருக்கோம்னு.

சுகன்யா: பயந்துடுவன்னுதான்...

தேவி: டாக்டரு இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு.

சுகன்யா: ஒடம்பு சூடு ரொம்ப ஏறிடுச்சாம். ஒரு தடவ ஃபிட்ஸ் வந்துச்சு. ஐஸ் வெச்சு சூட்ட எறக்கறாங்க. கண்ணு முழிக்கணும், முழிச்சு நம்மள அடையாளம் தெரியணும்னாரு. அப்பதான் மூளைக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்ல முடியுமாம்.

தேவி: கண்ணு முழிச்சா மட்டும் போதாதா?

சுகன்யா: ரெண்டும் வேணும் அண்ணி.

தேவி: நல்லா துள்ளிகினு போன புள்ளடி. எப்படி வுழுந்தா? நீதான கிளாஸ் டீச்சரு. நீ பாத்தியா?

சுகன்யா: கிளாஸ்லதான். தண்ணி குடிக்கறேன்னு எழுந்தா... அப்படியே சாஞ்சிட்டா.

தேவி: ஃபேனு ஓடலியா?

சுகன்யா: ஓடிச்சு. கரண்ட்டு போயி போயி வந்துச்சு.

தேவி: நெழல்ல உக்காந்திருந்த புள்ளைக்கா இவ்ளோ சூடு?

சுகன்யா: வெயிலு அப்படி இருக்குது அண்ணி. கத்திரி முடிஞ்சும் கொறஞ்ச பாடில்ல. எல்லா கிளாஸ்லயும் புள்ளைங்க வாடித்தான் போவுது.

தேவி: கண்ணாடி வழியா ஒரு நிமிசம் காட்டுனாங்க. பொடனியில தோலு செவந்து வெந்து கெடக்குது. ஒதடு வெடிச்சிருக்குது. கிளாஸ்ல உக்காந்த புள்ள மாதிரியா இருக்குது?

சுகன்யா: காலையில பி.டி. பீரியடு இருந்துச்சு இல்ல... அதுல இருக்கும்.

தேவி: இன்னிக்கு வியாழக்கெழம. அவளுக்கு பி.டி. வெள்ளிக்கெழமதான? நாளைக்கு வேணும்னு வெள்ள ஷூவ கழுவி கூரை மேல காய வெச்சிருக்கேன்.

சுகன்யா: மாத்திட்டாங்க... டைம்டேபிள மாத்திட்டாங்க அண்ணி.

தேவி: அவ சொல்லலியே.

சுகன்யா: இன்னிக்குத்தான் மாத்துனாங்க. ஒரு நிமிசம் இரு, போன் வருது... சொல்லுங்க சார். இல்ல சார், இன்னும் கண்ணு முழிக்கல. ஆமா சார். கிளாஸ்லதான்னு சொல்லிட்டேன் சார். அம்மா வந்துட்டாங்க, இங்கதான் இருக்காங்க... சரி சார். சரிங்க சார்.

தேவி: யாரு?

சுகன்யா: கரெஸ்பாண்டன்ட். எப்படி இருக்கான்னு கேட்டாரு.

தேவி: எப்படி இருக்கான்னு கேட்டா, கிளாஸ்லதான்னு ஏன் சொல்ற?

சுகன்யா: எங்க வுழுந்தான்னும் கேட்டாரு.

தேவி: அவரு ஸ்கூல்ல வுழுந்த புள்ள. எங்க வுழுந்தான்னு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி கேக்கறாரா?

சுகன்யா: அண்ணி, எனக்கே தல சுத்துது. நீ வேற போலீஸ் மாதிரி கேக்காத.

சிஸ்டர்: ஜெசிந்தா கூட வந்தவங்க யாரும்மா?

தேவி: நாந்தான் சிஸ்டர். அவ அம்மா. முழிச்சாளா?

சிஸ்டர்: இன்னும் இல்ல. சூடு கொஞ்சம் எறங்குது. ஸ்கூல் டீச்சர் நீங்கதான? டாக்டர் திரும்பவும் கேக்கறாரு. புள்ள எவ்ளோ நேரம் வெயில்ல இருந்துச்சு?

சுகன்யா: கிளாஸ்லதான் சிஸ்டர். அப்பவே சொன்னேனே.

சிஸ்டர்: கிளாஸ்ல இருந்தா இந்த டெம்பரேச்சர் வராதும்மா. யோசிச்சு சொல்லுங்க. தெரிஞ்சாதான கிட்னிக்கு எவ்ளோ அடின்னு பாக்க முடியும்.

சுகன்யா: கொஞ்ச நேரம் கிரவுண்டுல இருந்திருக்கலாம்... கரெக்டா தெரியல சிஸ்டர்.

சிஸ்டர்: யாருக்கு தெரியுமோ அவங்கள கேட்டு சொல்லுங்க.

தேவி: சூடு எறங்குதாம் இல்ல?

சுகன்யா: எறங்கிடும் அண்ணி. அவ கெட்டிக்காரி.

தேவி: இப்ப மட்டும் கெட்டிக்காரியா? ஸ்கூல்ல பாத்தா மொறைக்கறியாமே.

சுகன்யா: நான் எங்க மொறைச்சேன்?

தேவி: வூட்ல வந்து நடிச்சு காட்டுவா. என் துப்பட்டாவ முந்தானை மாதிரி மடிச்சு பின்னு குத்திகினு, ஸ்கேல எடுத்துகினு நிப்பா. ‘ஜெசிந்தா, இன் ஸ்கூல் ஐ ஆம் நாட் யுவர் அத்தை.’ உங்க அண்ணன் வுழுந்து வுழுந்து சிரிப்பாரு.

சுகன்யா: அடிப்பாவி. என்ன மாதிரியா?

தேவி: அச்சு அசலு. கோவம் வந்தா நீ மூக்க தேய்ப்ப பாரு, அத கூட வுடல.

சுகன்யா: மொத நாளே, எல்லார் முன்னாடியும், ‘அத்த, சாக்பீஸ் எடுத்துனு வரட்டா’ன்னுட்டா அண்ணி. பசங்க அத்த அத்தன்னு என்னய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டானுங்க. அதான் கண்டிச்சு வெச்சேன்.

தேவி: கண்டிச்சது தப்பில்ல. அவளும் பழகிட்டா. கேட்டுக்கு அந்தாண்ட அத்த, இந்தாண்ட மிஸ்ஸு.

சுகன்யா: ஃபீஸ் கன்செஷன்ல சேந்த புள்ளன்னு ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு பேசுவாங்க. சொந்தக்கார புள்ளைக்கு சலுகைன்னு கரெஸ்பாண்டன்ட் காதுக்கே போயிடுச்சு. அதனால மத்த புள்ளைங்கள ஒரு தட்டு தட்டுனா, அவள ரெண்டு தட்டு தட்டணும். எம்பொழப்பு அப்படி ஆயிப்போச்சு.

தேவி: நான் ஒன்ன குத்தம் சொன்னனா? ஒன்னாண்ட இருக்கறான்னுதான் நிம்மதியா மிஷின மிதிச்சுகினு இருந்தேன். எல்லாம் அந்த கோட்டாலதான். இந்த வெயில்ல கோட்டு, டை, ஷூ, சாக்ஸு. வெள்ளக்காரனே கழட்டி போட்டுட்டு கப்பல் ஏறிட்டான். இவங்க வுட மாட்டேங்கறாங்க.

சுகன்யா: அதான் இன்னிக்கு கோட்டு வேணாம்னுட்டாங்களே.

தேவி: இன்னாது?

சுகன்யா: நேத்து சாயங்காலமே மெசேஜ் போட்டாங்க. வெயில் கொறையற வரைக்கும் கோட்டும் டையும் வேணாம், ஷர்ட்டோட வந்தா போதும்னு.

தேவி: எங்க போட்டாங்க?

சுகன்யா: பேரன்ட்ஸ் குரூப்ல. அண்ணன் நம்பருதான் அதுல இருக்குது.

தேவி: அவரு ரெண்டு ஷிஃப்டு சேத்து பாக்கறாரு. நேத்து வூட்டுக்கே வரல. கம்பெனிக்குள்ள போன வாங்கி வெச்சிக்குவாங்க... நீ நேத்து போன் பண்ணியே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?

சுகன்யா: போட்டுகினு வரணும்னு சொன்னா ஓடியாந்து சொல்லி இருப்பேன். கழட்டறதுதான? தெரியாம போட்டுகினு வந்தாலும் கழட்டி பையில வெச்சிக்க போறா. இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது?

தேவி: தெரிஞ்சிருந்தா இன்னிக்கு நான் அவள அனுப்பியே இருக்க மாட்டேன்.

சுகன்யா: கோட்டு வேணாம்னா சந்தோசமா இல்ல அனுப்பணும்?

தேவி: அவள கழட்ட சொன்னாங்களா?

சுகன்யா: சொன்னாங்க.

தேவி: யாரு?

சுகன்யா: பொதுவாத்தான்... எல்லாரையும் சொன்னாங்க. இன்னிக்கு பேப்பர்காரங்க போட்டோ எடுக்க வந்தாங்க அண்ணி. வெயிலுக்கு கோட்டு கெடையாதுன்னு நம்ம ஸ்கூல்ல சலுகை குடுத்திருக்காங்கன்னு போடறதுக்கு. கல்வித்துறையிலேருந்தும் ரெண்டு பேரு. எல்லா புள்ளைங்களும் ஒரே மாதிரி ஷர்ட்டோட நிக்கணும், ஒரு கோட்டு கூட கண்ணுல படக்கூடாதுன்னு கரெஸ்பாண்டன்ட் ஆர்டரு.

தேவி: கழட்டறதுக்கும் ஆர்டரா...

சுகன்யா: அங்க எல்லாத்துக்கும் ஆர்டருதான்.

தேவி: அவ இன்னா சொன்னா?

சுகன்யா: மாட்டேன்னுட்டா. மத்த புள்ளைங்க அப்பாடான்னு கழட்டி வீசுதுங்க. இவ ஒண்டி ஒரு பட்டன் வுடாம போட்டுகினு நிக்கறா. ஏன்டின்னு கேட்டா தலைய குனிஞ்சிக்கறா. எனக்கு வந்த கோவத்துக்கு...

தேவி: கோவத்துக்கு?

சுகன்யா: ஒண்ணும் இல்ல. திட்டுனேன். வேற இன்னா பண்ணுவேன்.

தேவி: அப்பறம்?

சுகன்யா: அப்பறம்தான் வுழுந்துட்டா. காத்து படட்டும்னு பி.டி. சார் பட்டன அவுக்க போனாரு. நெனவே இல்லாத புள்ள, ரெண்டு கையாலயும் கோட்ட இறுக்கி புடிச்சிக்கறா அண்ணி. வெரல பிரிக்க முடியல. தண்ணிய மேல ஊத்தித்தான் தூக்கிகினு வந்தோம். எனக்கு அது ஒண்டி புரியல. அப்படி இன்னா இருக்குது அந்த கோட்டுல?

தேவி: எம்புள்ள... நெனவு தப்பியும் வுடலியா அத...

சுகன்யா: அண்ணி... ஏன் அழற? இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்?

சிஸ்டர்: ஜெசிந்தா அம்மா, இந்தாங்க. புள்ளையோட துணி. அவசரத்துல ஷர்ட்ட வெட்டித்தான் எடுத்தோம், தப்பா நெனச்சுக்காதீங்க. கம்மலு, கொலுசு எல்லாம் இந்த சின்ன கவர்ல இருக்குது. சரி பாத்துக்கங்க.

தேவி: குடுங்க சிஸ்டர். என்னாண்டயே குடுங்க.

சுகன்யா: ஈரமா இருக்குது பாரு. குடு அண்ணி, நான் மடிச்சு வெக்கறேன்.

தேவி: வேணாம். நான் வெச்சிக்கறேன்.

சுகன்யா: தரையெல்லாம் தண்ணி சொட்டுது. குடு.

தேவி: பிரிக்காத. பிரிக்காதன்னு சொல்றேன் இல்ல சுகன்யா...

சுகன்யா: இது யாரு துணி? மாத்தி குடுத்துட்டாங்களா... சிஸ்டர்...

தேவி: கூப்புடாத. மாத்தியெல்லாம் குடுக்கல. அவளுதுதான்.

சுகன்யா: ஆரஞ்சு பூ போட்டிருக்குது. இது... கிறிஸ்மஸுக்கு நான் ஒனக்கு எடுத்து குடுத்த நைட்டி இல்ல? காலரு நம்ம ஸ்கூல் செக்டு துணி. கையும் ஸ்கூல் செக்டு. முன்னால பட்டன் பட்டி மட்டும்... மத்தது எல்லாம், முதுகு பூரா... அண்ணி, இன்னா இது?

தேவி: மெதுவா பேசு. ஆளுங்க பாக்கறாங்க.

சுகன்யா: இத போட்டுகினா வந்தா?

தேவி: ஒரு நாளு விட்டு ஒரு நாளு இத போட்டுகினுதான் வந்தா. முழு ஷர்ட்டு நேத்து. இது இன்னிக்கு. நேத்து வந்து போட்டோ எடுத்திருக்கக்கூடாதா அந்த பாவிங்க...

சுகன்யா: ஏன் அண்ணி இப்படி பண்ண?

தேவி: இந்த வருசம் ஸ்கூல் செக்டு துணிய மாத்திட்டாங்க. போன வருசத்து ஷர்ட்டு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. போடக்கூடாதுன்னுட்டாங்க. துணிய ஸ்கூல்லதான் எடுக்கணும். எங்களால ஒரு ஷர்ட்டுக்குத்தான் எடுக்க முடிஞ்சுது. வேர்த்து ஊத்தற வெயில்ல ஒரே ஷர்ட்ட தெனம் எப்படி போடறது? பெரிய பொண்ணு. நாத்தம் அடிச்சா பக்கத்துல எவ உக்காருவா? அதான் துணிய மேசையில போட்டு பாத்தேன். கோட்டுக்கு வெளிய தெரியறது காலரு, கையி, நடுவுல ஒரு பட்டி. அத ஒண்டி ஸ்கூல் துணியில மிச்சம் புடிச்சு போட்டேன். உள்ள இருக்கறது யாருக்கு தெரிய போவுது?

சுகன்யா: எந்த தைரியத்துல அண்ணி...

தேவி: ஒன் வார்த்தைய நம்புன தைரியத்துலதான். நீதான சொன்ன? பிரேக்ல கூட கோட்ட கழட்டக்கூடாது, கழட்டுனா வெளிய நிக்க வெப்போம்னு. மழ வந்தாலும் வெயில் அடிச்சாலும் எங்க ஸ்கூல்ல கோட்டுதான்னு பெருமையா சொன்ன இல்ல? அந்த ரூல நம்பித்தான்டி நான் கத்திரிய வெச்சேன்.

சுகன்யா: ஜெசி ஒண்ணும் சொல்லலியா?

தேவி: மொத தடவ போட்டு பாத்தப்ப மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்பறம் கண்ணாடி முன்னால இப்படி அப்படி திரும்பி பாத்துட்டு சிரிச்சிட்டா. ‘யம்மா, முன்னால பாத்தா ஸ்கூலு, பின்னால பாத்தா வூடு’ன்னா. ஜாயின்ட்டு தெரியவே இல்லம்மான்னு என்ன மெச்சிக்கவும் செஞ்சா. அந்த புள்ளைய போயி...

சுகன்யா: என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா துணி எடுத்து குடுத்திருக்க மாட்டேனா?

தேவி: சீட்டு நீ வாங்கி குடுத்த. கன்செஷன் நீ கேட்டு குடுத்த. துணியும் ஒன் தலையிலயா? ஏற்கெனவே ஸ்டாஃப் ரூம்ல பேசறாங்கன்ற. அம்மா நைட்டிய போட்டுகினு வந்திருக்கான்னு தெரிஞ்சா, அவள ஒண்டியா சிரிப்பாங்க? மிஸ்ஸோட அண்ணன் பொண்ணுன்னு ஒன்னையும் சேத்து இல்ல சிரிப்பாங்க? அந்த பயம் அவளுக்கு. அதான் அத்தன பேரு முன்னால வாய தொறக்கல.

சுகன்யா: அய்யோ...

தேவி: மாட்டிகினா இன்னாம்மா பண்றதுன்னு அவ கேட்டா. அதுக்கும் வழி சொல்லித்தான் அனுப்புனேன். யாராண்டயும் சொல்லாத, அத்தைய ஒண்டி தனியா கூப்ட்டு சொல்லு, அத்த பாத்துப்பான்னேன்.

சுகன்யா: அப்படியா சொன்ன?

தேவி: ஆமா. ஏன், அவ ஒன்ன கூப்புடலியா?

சுகன்யா: ...கூட்டமா இருந்துச்சு அண்ணி. நான் கவனிக்கல.

தேவி: தனியா ஒரு வார்த்த பேச முடியாத அளவுக்கா கூட்டம்?

சிஸ்டர்: அம்மா, புள்ள கண்ண தொறந்துடுச்சு.

தேவி: வில்லியனூர் மாதாவே... நான் போலாமா? நான் உள்ள போலாமா சிஸ்டர்?

சிஸ்டர்: கொஞ்சம் இருங்க. கண்ணுதான் தொறந்துச்சு, இன்னும் தெளிவு வரல. பேரு கேட்டா சொல்லல. அம்மா பேரு கேட்டாலும் சொல்லல. ‘நான் நகரல மிஸ், நகரவே இல்ல மிஸ்’னு அதையே திரும்ப திரும்ப சொல்லுது. எங்கேந்து நகரலன்னு டாக்டர் கேக்கறாரு. யாரு அந்த மிஸ்ஸு? நீங்களா?

தேவி: சுகன்யா, என் மூஞ்சிய பாரு. எங்கேந்துடி நகரல? அவ ஒன்ன கூப்ட்டாளா இல்லையா?

சுகன்யா: கூப்ட்டா அண்ணி. போட்டோவுக்கு வரிசை நிக்கறப்ப, ‘அத்த, ஒரு நிமிசம் தனியா வாயேன்’னு என் கையப் புடிச்சா. கரெஸ்பாண்டன்ட் என்னையே பாத்துகினு நின்னாரு. நான் அவ கைய ஒதறிட்டு, ‘மிஸ்ஸுன்னு கூப்டு. போயி கொடிக்கம்பத்தாண்ட வெயில்ல நில்லு, நான் கூப்புடற வரைக்கும் நகரக்கூடாது’ன்னேன். போட்டோ முடிஞ்சுது. வந்தவங்களுக்கு மோரு ஊத்தி குடுத்தேன். சாப்பாட்டு பெல்லும் அடிச்சுது. நான் அவள கூப்புடவே இல்ல அண்ணி.